முத்திரை வைத்தவர் முன்னிலையில்

மேடையில் அமர்ந்திருக்கும் மின்சிக்கன அலுவலக இயக்குநர் ஐயா அவர்களே, வீட்டுச் சாமான் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, என் பேத்தியோடு ஒரே மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பங்கு போட்டுத் தின்ற அலுவலகப் பிள்ளைகளே, கடையை அரைநாள் அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரிகளே, எங்கள் தெருவிலிருந்து வந்து கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பெண்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அவளைப் பெற்றவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களால் பேச முடியவில்லை. அதனால் பாட்டியாகிய நான் வந்து நிற்கிறேன். நான் அழுதால் தண்ணீர் கொடுப்பதற்கு ஒரு பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அம்மாடி, நீ போய் உட்கார். நான் அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் அவளை நேர்மையானவள் என்றீர்கள், கடமை தவறாதவள் என்றீர்கள். கேட்கக் கேட்க நெஞ்சு நிமிர்ந்தது. என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை என்று சபையில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என் பேத்தி என்பதற்காகவும்தான் சொல்கிறேன். ஆனால் நான் பேச வந்தது அவள் குணத்தைப் பற்றி மட்டும் அல்ல. ஒரு பிரிட்ஜைப் பற்றி. அரக்கு முத்திரையோடு கிடங்கில் நிற்கும் ஒரு பிரிட்ஜ். அதை இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்பதில்தான் என் பேத்தியின் சொல் நிற்கப் போகிறதா, சாகப் போகிறதா என்பது இருக்கிறது.

அவள் வேலை என்ன? கடைகளில் விற்கும் பிரிட்ஜ், ஃபேன், ஏசி, வெந்நீர் ஹீட்டர், இவற்றின் மேல் எவ்வளவு கரன்ட் தின்னும் என்று சொல்லும் நட்சத்திர லேபிள் இருக்கிறதா, அது கண்ணில் படும்படி இருக்கிறதா, சொல்வது உண்மையா என்று பார்ப்பது. கடைத்தெருவில் அவளுக்கு லேபிளம்மா என்று பெயர். "லேபிளம்மா வர்றாங்கடா" என்று தெருமுனைக் கடையில் ஒரு குரல் கேட்டால், கோடிக் கடை வரைக்கும் துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்களாம். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒருமுறை கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன், மிக்சி பார்க்க. அங்கே ஒரு பிரிட்ஜின் லேபிள் மேலேயே பெரிய தள்ளுபடி ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தார்கள். விற்பனைக்கு நின்ற தம்பியைக் கூப்பிட்டு, "லேபிள் எங்கப்பா?" என்றாள்.

"உள்ளதான் மேடம் இருக்கு. தூசி படக்கூடாதுன்னு மூடி வச்சிருக்கோம்."

"ஆமா ஆமா. கண்ணு பட்டாலும் பட்டுடும். மூஞ்சிய மூடி வச்சுப் பொண்ணு காட்டுறீங்களா?"

அந்தத் தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நகத்தால் சுரண்டி ஸ்டிக்கரை எடுத்தான். நாங்கள் வெளியே வந்த பிறகு பின்னாலேயே ஓடி வந்து, முதலாளி பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "மேடம், எங்க அம்மாவுக்கு ஒரு ஃபேன் வாங்கணும். எதை வாங்கட்டும்?" என்று காதோடு கேட்டான். தான் விற்கும் கடையில் தனக்கு எது நல்லது என்று அவளிடம் கேட்டான். இதைவிட ஒரு ஆய்வாளருக்கு என்ன விருது வேண்டும்?

ஆனால் கடைக்காரர்களோடு மல்லுக்கட்டுவது அவளுக்குப் பெரிய கவலையாக இருந்ததில்லை. அவளைத் தூங்கவிடாமல் செய்தது வாங்குகிறவர்களின் ஒரு தப்பு. நட்சத்திரம் என்றால் நம் ஜனங்களுக்கு என்ன நினைவு வரும்? ஓட்டல். ஐந்து நட்சத்திர ஓட்டல் என்றால் நமக்கு எட்டாதது. அப்படியானால் ஐந்து நட்சத்திர பிரிட்ஜ்? அதுவும் நமக்கு எட்டாதது, நிறைய கரன்ட் இழுக்கும், பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஆனது. உண்மையில் நட்சத்திரம் கூடினால் கரன்ட் குறையும். இப்படியே எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சிக்கனம் பார்த்து ஒரு ஸ்டார், ரெண்டு ஸ்டார் என்று வாங்கி வைத்தார்கள். சிக்கனம் பார்த்தே செலவாளிகளை வீட்டுக்குள் கூட்டி வந்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண்ணும் அப்படித்தான் பேசினாள். இதோ, அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறாள். "எங்களுக்கு எதுக்கும்மா அஞ்சு ஸ்டாரு? ரெண்டு போதும். விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே" என்றாள்.

என் பேத்தி அவள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அக்கா, ஒரு விடுகதை. வீட்டுல ஒரு ஆளு. கம்மியாத்தான் சாப்பிடும். வேலையெல்லாம் அது தலையிலதான். அது யாரு?"

"மருமக."

"அந்த மருமகதான் அஞ்சு ஸ்டாரு. மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு, செய்யுற வேலையையும் அரைகுறையா செஞ்சா?"

தையல்காரப் பெண் நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு, உள்ளே கட்டிலில் கிடந்த புருஷனைக் கண்ணால் காட்டினாள். "அப்ப எங்க வீட்டுல ஏற்கெனவே ஒத்த ஸ்டாரு ஒண்ணு இருக்கு."

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு. அதற்குப் பிறகு அந்தத் தெரு முழுக்க இந்தப் பேச்சுதான். யார் எது வாங்கினாலும், "மருமகளா, வீட்டுக்காரரா?" என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். ஒரு வார்த்தையில் இருந்த தப்பை இன்னொரு வார்த்தையால் அவள் திருத்தினாள். அலுவலகம் அச்சடித்த எந்த நோட்டீஸும் செய்யாததை ஒரு மருமகள் செய்தாள்.

தையல்காரப் பெண்ணும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஐந்து நட்சத்திர பிரிட்ஜ் ஒன்று வாங்கினாள். என் பேத்தி சொன்னதை நம்பி வாங்கினாள். இதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். லேபிளை நம்பி அல்ல, அவள் சொன்னதை நம்பி.

கரன்ட் பில் வந்தது. அடுத்ததும் வந்தது. அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. "கண்ணு, நீ சொன்ன மாதிரி பாத்துத்தான் வாங்குனேன். இது மருமக இல்லடி. மாமியாரு" என்றாள். என் பேத்தி சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் அவள் வீட்டுக்குப் போனாள். பிரிட்ஜ் கதவில் காதை வைத்து உட்கார்ந்தாள். நல்ல பிரிட்ஜ் என்றால் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் ஓய்வெடுக்கும். இது ஓய்வே எடுக்கவில்லை. இவள் காத்திருந்து காத்திருந்து பார்த்தாள். அது ஓடிக்கொண்டே இருந்தது. மேலே ஐந்து நட்சத்திரம், மினுமினுவென்று.

அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்குமா? "கடைக்காரன்கிட்ட கமிஷன் வாங்கியிருப்பா" என்றார்கள். "அவளுக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டா" என்றார்கள். "படிச்ச பொண்ணு பேச்சைக் கேட்டா இதுதான் கதி" என்றார்கள். யார் சொன்னது என்று நான் இந்தச் சபையில் சொல்ல மாட்டேன். சொன்னவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள், வந்ததே போதும். ஆனால் அவள் காதில் அது விழுந்தது. அலுவலகத்திலிருந்து வந்து கை கழுவிவிட்டு, துடைக்க மறந்து, ஈரக் கையோடு நின்றுகொண்டு என்னிடம் கேட்டாள்: "பாட்டி, நான் பொய் சொன்னேனா?"

"நீ எங்கடி பொய் சொன்ன? லேபிள்ல சொன்னதைத்தானே சொன்ன?"

"லேபிள் பொய் சொன்னா, அதை நம்பச் சொன்ன நானும் பொய் சொன்னவதானே?"

நான் முந்தானையை எடுத்து அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டேன்.

மறுநாளே தையல்காரப் பெண் வாங்கிய கடையின் கிடங்குக்குப் போனாள். அதே மாடலில் பெட்டி பிரிக்காத பிரிட்ஜ் ஒன்று இருந்தது. சோதனைக்கென்று எடுத்தாள். துணி சுற்றித் தைத்து, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தி, கதவு சேரும் இடத்தில் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, சோதனைத் தேதி வரும்வரை அங்கேயே நிறுத்தி வைத்தாள். அரக்கு தெறித்துக் கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது. நான்தான் எண்ணெய் தடவினேன். "சோதனைக்கூடத்துல வச்சு ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும் பாட்டி. அஞ்சுன்னா அஞ்சு, ஒண்ணுன்னா ஒண்ணு. ஒண்ணுன்னு வந்துட்டா, வாங்குன எல்லாருக்கும் கம்பெனிக்காரங்க காசைத் திருப்பிக் குடுத்தே ஆகணும். அக்கா முன்னால போய் நிப்பேன்" என்றாள்.

சோதனைக்கூடத்தில் வரிசை பெரிது. அங்கே பிரிட்ஜை ஓட்டிப் பார்க்க ஒரே ஒரு அறைதான் இருக்கிறதாம், அதுவும் அடிக்கடி பழுதாகுமாம். தேதி கேட்கப் போவாள், வருவாள். அப்படித் தேதி கேட்கப் போய்த் திரும்பி வரும்போதுதான் ஒரு வளைவில் மழையில் வண்டி வழுக்கியது. எதிரே லாரி. யாரும் சதி செய்யவில்லை. தெருவில் அப்படியும் பேசுகிறார்கள், வேண்டாம். லாரி ஓட்டி வந்தவர் ஆஸ்பத்திரி வாசலில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மழையும் வளைவும்தான். கோபப்படுவதற்குக்கூட எனக்கு ஒரு ஆள் இல்லை.

இந்தக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் இயக்குநர் ஐயாவின் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் நல்ல மனிதர். எனக்காக மின்விசிறியைத் தன் பக்கமிருந்து திருப்பி வைத்தார். அவரிடம் கேட்டேன்.

"ஐயா, அந்த பிரிட்ஜை எப்போ சோதிப்பீங்க?"

"பாட்டிம்மா, முத்திரை வச்ச அதிகாரி முன்னிலையிலதான் அதைப் பிரிக்கணும். விதி அப்படி."

"அவதான் இல்லையே ஐயா."

"அதனாலதான் சோதனைக்குன்னு பிரிக்க முடியாது."

"வேற ஒருத்தரு புதுசா ஒண்ணு எடுத்து முத்திரை வைக்கலாமே?"

"அந்த மாடலையே நிறுத்திட்டாங்க. எல்லாம் வித்துப்போச்சு. மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதான்."

"தையல்காரப் பொண்ணு வீட்டுல இருக்கே?"

"ஓட்டிப் பழகுன பெட்டி சோதனைக்குச் செல்லாதும்மா."

"அப்ப இது என்னாகும்?"

"திங்கட்கிழமை கடைக்கே விட்டுடணும். அவங்க பிரிச்சுக்குவாங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "என் கையில இல்லம்மா" என்றார். உண்மைதான், அவர் கையில் இல்லை. அவள் இருந்த நாற்காலிக்கு இனி ஆள் போடப் போவதில்லை என்றும், அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள் என்றும் அவரேதான் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை.

சங்கத் தலைவர் ஐயா, உங்களையும் குறை சொல்லவில்லை. அது உங்கள் கடைக் கிடங்கு என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பிரிட்ஜை நீங்கள் செய்யவில்லை, கம்பெனி ஒட்டி அனுப்பியதை விற்றீர்கள். சற்று முன் பேசும்போது அவளை "ஐந்து நட்சத்திர அதிகாரி" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். ஆனால் ஐயா, அவளுக்கு அது பிடித்திருக்காது. சோதித்துப் பார்க்காமல் கொடுத்த நட்சத்திரத்தை அவள் ஸ்டிக்கர் என்றுதான் சொல்வாள்.

தையல்காரப் பெண் இப்போது அந்த பிரிட்ஜை ஓட்டுவதில்லை. அதற்குள் நூற்கண்டும் தைக்க வந்த துணியும் வைத்திருக்கிறாள். எலி கடிக்காதாம். எங்கள் தெருவில் போன வாரம் ஒரு வீட்டில் புது பிரிட்ஜ் இறங்கியது. ரெண்டு ஸ்டார். "நமக்கு இது போதும்" என்று என்னிடமே வந்து பெருமையாகச் சொன்னார்கள். என்னிடமே. மருமகள் கதை செத்துவிட்டது. என் பேத்தி போனதற்குப் பதினாறாவது நாள் ஆவதற்குள்ளேயே அது செத்துவிட்டது. அவள் உயிர் போனதை நான் தாங்கிக்கொண்டு நிற்கிறேன். அவள் சொல் போனதைத் தாங்க முடியவில்லை. உயிர் போனவர்களுக்குச் சொல் ஒன்றுதானே மிச்சம்? அதையும் எடுத்துவிட்டால் அவள் எங்கே இருப்பாள்?

கடைசியில் ஓர் உறுதி எடுத்து முடிக்க வேண்டும் என்று சொன்னார்கள். "அவர் விட்ட பணியைத் தொடர்வோம்" என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். எந்தப் பணியை? ஆள் இல்லாத நாற்காலி தொடருமா? நின்றுபோன மாடல் தொடருமா? நான் கேட்பது குத்திக் காட்ட அல்ல. எனக்கே தெரியவில்லை, அதனால் கேட்கிறேன். நாளைக்கு நீங்கள் எல்லோரும் உங்கள் உங்கள் வேலைக்குப் போவீர்கள். போகத்தான் வேண்டும். ஒன்றும் மாறாது என்று எனக்குத் தெரியும்.

என்னால் எடுக்க முடிந்த உறுதி ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமை நான் அந்தக் கிடங்குக்கு வருவேன். தடுக்க மாட்டேன். கூச்சல் போட மாட்டேன். என் கையெழுத்து எதற்கும் செல்லாது, கேட்கவும் மாட்டேன். முத்திரை வைத்தவர் முன்னிலையில் பிரிக்க வேண்டும் என்று விதி சொல்கிறதே, அந்த இடம் காலியாக இருக்கும். அங்கே நான் நிற்பேன். தலைவர் ஐயா, நான் வந்து சேர்ந்த பிறகு முத்திரையை வெட்டச் சொல்லுங்கள்.