வெயிலிலும் மழை வேகம்

மூன்று சோடா குடித்தும் பொறுமை இழக்காமல் தலைமை தாங்கும் கலியமூர்த்தி ஐயா அவர்களே! நெல்லித்தோப்பின் பெரியோர்களே! உலையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

நான் தேவதாஸ். காலாப்பட்டு செயற்கைக்கோள் நிலையத்தில் ஆபரேட்டர். விண்ணிலிருந்து வருவதை மண்ணில் அச்சடித்துக் கொடுப்பவன். பெருமைதானே என்கிறீர்களா? எனக்கு எரிச்சலாக இருக்கிறது!

எங்கள் உயர் அலைவரிசைக்கு மழை ஆகாது, எழுத்துகள் சிதைந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரியையும் மூன்று முறை அனுப்பச் சொல்லிக் கேட்போம். எத்தனை முறை என்பதை ஒரு குமிழைத் திருப்பி வைப்போம். நல்ல ஏற்பாடு. ஆனால் மேகமே இல்லாத சித்திரையிலும் மூன்று முறையா? நிலையத்தின் திறப்பு விழாவன்று பேய்மழை. அன்று மூன்றுக்குத் திருப்பிய குமிழ் மூன்று ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கிறது! அதன்மேல் ஓர் அட்டை: 'தொடாதே'. தொட்டார்களா? யாரும் தொடவில்லை!

போன மாதம் புயல் எச்சரிக்கை வந்தது. இங்கே வெயில் கொளுத்தியது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய செய்தி, மும்முறை வந்து, அரை மணியில் முடிந்தது. அதற்குள் மீனவர் சாமிக்கண்ணுவின் கட்டுமரம் கடலுக்குள் போய்விட்டது. மறுநாள் உயிரோடு கரை சேர்ந்தார். புயலில் அடிபட்ட அவர் வலது கை இனித் துடுப்புப் பிடிக்காது.

அவர் மனைவி கன்னியம்மாள், மீன் விற்பவர், நிலையத்துக்கே வந்தார். நான் குமிழைக் காட்டி விளக்கினேன். அவர் கேட்டார்: "மழ பேஞ்சா மூணு தடவ கூவுறேன். வெயில்னா ஒரு தடவதான் கூவுறேன். இதுகூடவா தெரியாது ஒங்களுக்கு?"

தெரியும் அம்மா, தெரியும்! தெளிந்தால் ஒருமுறை, தூறினால் இருமுறை, கொட்டினால் மும்முறை! அதே அலைவரிசைதான், வெயிலில் மும்மடங்கு செய்தி போகும்! வானத்தைப் பார்த்துக் குமிழைத் திருப்ப என்ன கேடு?

அந்த அட்டையை எழுதிய அறிவாளி யார் என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். சொல்கிறேன். நான்தான். விழாவில் ஓர் எழுத்து சிதைந்தாலும் வேலை போய்விடும் என்று பயந்து எழுதினேன். பிறகு என் கையெழுத்துக்கு நானே பயந்தேன்!

இன்று காலை அதைக் கழற்றிவிட்டேன். இதோ, கிழிக்கிறேன். இனி வானம் பார்த்துத்தான் குமிழைத் தொடுவேன். மேலதிகாரி கேட்டால் என் பெயரையே சொல்லுங்கள்.

முன்வரிசையில் இருக்கும் கன்னியம்மாளிடம் மன்னிப்பை எத்தனை முறை கேட்டாலும் போதாது. நன்றி அப்படியல்ல. பந்தலுக்கு வெளியே பாருங்கள், ஒரு மேகம் இல்லை. ஒருமுறை சொன்னால் உங்களை வந்து சேரும்.

நன்றி, வணக்கம்.