அண்ணனின் போனில் ஓடிய கார்

என் பெயரும் முகவரியும் நான் கேட்டுக்கொண்டபடி தனி உறையில் வைத்து ஒட்டப்பட்டுள்ளன. எனக்கு வயது முப்பத்தாறு. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். திருமணம் ஆகவில்லை. இந்த வழக்கில் சொல்லப்படுபவர் என் கூடப்பிறந்த அண்ணன், கட்டட ஒப்பந்தக்காரர். புகார் கொடுத்திருப்பவர் என் அண்ணி, நீச்சல் குளம் ஒன்றில் பயிற்சியாளர். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண். வீட்டில் அவளைப் பாப்பா என்போம்.

போன வருடம் அண்ணியின் பிறந்தநாளுக்கு அண்ணன் ஒரு புதுக் கார் வாங்கிச் சாவியை அண்ணியின் கையில் கொடுத்தார். வண்டி அண்ணன் பேரில் இருக்கிறது. அது எங்கே நிற்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்த சீட்டில் ஆள் இருக்கிறது என்பதெல்லாம் உரிமையாளரின் போனில் தெரியும் வசதி அதில் உண்டு. இது அண்ணிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதன் பிறகு அண்ணன் சாப்பிட உட்காரும்போது, மருந்துக் கடைப் பக்கம் அவ்வளவு நேரம் என்ன வேலை, குளத்து வாசலில் வண்டியை நிறுத்தியும் ஏன் இறங்காமல் இருந்தாய், பக்கத்து சீட்டில் யார் என்று கேட்க ஆரம்பித்தார். கூட வேலை செய்கிறவர்கள்தான் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று அண்ணி நினைத்தார். அதனால் குளத்தில் நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் பெண்ணுடன் டீ குடிப்பதை நிறுத்தினார், பிறகு பேச்சையும் நிறுத்தினார். அந்தப் பெண் என்ன ஏது என்று அழுதுகொண்டே கேட்டும் தான் பதில் சொல்லவில்லை என்று அண்ணி என்னிடம் சொன்னதுண்டு.

இரண்டு வாரத்துக்கு முன் அண்ணன் அண்ணியின் கையை முறுக்கியதில் மணிக்கட்டு வீங்கியது. அதன் பிறகு, சம்பவத்துக்கு இரண்டு நாள் முன், அண்ணி போனைச் சமையலறையிலேயே வைத்துவிட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் வீட்டு மாடி அறையில் போய் இருந்தார். போனது அதே காரில். அந்த வீடு எனக்கு மட்டும்தான் தெரியும்.

சம்பவத்தன்று மதியம் அண்ணன் நான் வேலை செய்யும் கடைக்கு வந்தார். கண் சோதிக்கிற நாற்காலியில் தானாகவே ஏறி உட்கார்ந்து, தன் போனை என் முன்னால் நீட்டினார். அதில் ஒரு தெரு வரைபடமும் நீலப் புள்ளி ஒன்றும் தெரிந்தன. "இந்த எழுத்து தெரியுதா, டாக்டரம்மா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு, "ரெண்டு நாளா இந்த வீட்டு வாசல்லதான் நிக்குது. காலைல வெளிய எடுத்தப்ப பின் சீட்டுல பெல்ட் போட்டாங்க. பாப்பா இருக்கா. யார் வீடு இது?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "சைட்ல கான்கிரீட் போடுறாங்க. விட்டுட்டு வர முடியாது. சாயங்காலம் போறேன். பேசிப் பாப்பேன். பேச்சுக்கு வரலைன்னா எனக்கு வேற வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து நர்ஸ் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அண்ணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அவர் கேட்டது, "அப்போ அந்தப் பொண்ணு எதுவும் சொல்லலையா?" என்பதுதான். இல்லை அண்ணி, கார்தான் சொல்லியிருக்கிறது என்றேன்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் காரில் உட்கார்ந்து, திரையில் அந்த வசதியை நிறுத்தப் பார்த்தோம். உரிமையாளர் அனுமதி வேண்டும் என்றே வந்தது. கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு என் போனிலிருந்து பேசினேன். வண்டி எண்ணைச் சொல்லி நிலைமையையும் சொன்னேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்கதான் நிறுத்த முடியும் மேடம். கவலைப்படாதீங்க, உங்க ரெக்வெஸ்ட்டை இப்பவே அவருக்கு அனுப்பிட்டேன். அவர் ஓகே பண்ணிட்டா உடனே நின்னுடும்" என்றார். வேண்டாம், அனுப்பாதீர்கள் என்றேன். "போயிடுச்சு மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றார்.

அவர் பேசி முடிப்பதற்குள் காரின் முன்விளக்குகள் தானாக எரிந்து அணைந்தன; அண்ணன் தன் போனிலிருந்து செய்தது அது.

அதன் பிறகு நான் அண்ணியிடம் சாவியை வாங்கிக்கொண்டு, பாப்பாவோடு பின்பக்கச் சந்து வழியாக நடந்து போய்ப் பஸ் ஏறச் சொன்னேன். அவர்கள் எங்கே போனார்கள் என்பதை இங்கே சொல்ல விரும்பவில்லை. "நீ எதுக்குடி போகணும்? வண்டி இங்கயே கிடக்கட்டும்" என்றார் அண்ணி. வண்டி இங்கே கிடந்தால் அவர் இங்கே வந்து அக்கம்பக்கம் தேடுவார், நர்ஸம்மா தனியாக இருக்கிறார் என்றேன். பிறகு நர்ஸம்மாவின் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்து அதற்குப் பெல்ட் போட்டேன். அண்ணி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியே அழுதார். அதன் பிறகு போனார்கள்.

நான் இந்தக் காவல் நிலையத்தை நோக்கிக் காரை ஓட்டினேன். பெரிய சாலைக்கு வந்ததும் திரையில் அண்ணனின் அழைப்பு வந்தது. எடுத்தால் நர்ஸ் வீட்டுக்குப் போகாமல் என் பின்னால்தான் வருவார் என்று நினைத்து, என் போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அழைப்பை எடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதிவை ஒப்படைத்திருக்கிறேன்.

அவர் அண்ணியிடம் பேசுவதாக நினைத்துப் பேசினார். சத்தம் போடவில்லை. "எங்க போற? மெதுவா போ. பாப்பா பின்னாடி இருக்கா" என்றார். "ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கிற அந்தக் கையை உடைச்சு வீட்ல உக்கார வைக்கிறேன், அப்புறம் யாருக்கு நீச்சல் சொல்லித் தரன்னு பாக்கறேன்" என்றார். சிக்னலில் நின்றபோது ஹாரன் தானாக அடித்தது. நிற்கவே இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "கேக்குதா? இப்ப நிக்கும் பாரு" என்றார், நின்றது. அதன் பிறகு, "என் தங்கச்சிகிட்ட போய் அழுதியா? எவ்வளவு வேணா அழு. அவ என் பக்கம்தான்" என்றார்.

எனக்குப் பத்து வயதில் அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்தவர் அண்ணன். இதே சாலையில்தான் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆனால் அன்று கேட்ட குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அதன் பிறகு கண்ணாடியில் அவருடைய வேன் தெரிந்தது.

நிலைய வளாகத்துக்குள் திருப்பி, மரத்தடியில் நிறுத்தினேன். வேன் பின்னால் வந்து வழியை அடைத்தது. காரின் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பதால் உள்ளே இருப்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் கதவுகளைப் பூட்டினேன். அவர் போனை அழுத்த, பூட்டு திறந்தது. மறுபடி பூட்டினேன், மறுபடி திறந்தது. அப்படியே சில தடவை நடந்தது. அதன் பிறகு நான் பூட்டுப் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஹாரன் சத்தம் கேட்டாலாவது யாராவது வருவார்கள் என்று மறு கையால் ஹாரனை அழுத்தினேன். அவர் வேனிலிருந்து சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்து வந்து என் பக்கத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் கண்ணாடி சிதறி என் மடியில் விழுந்தது.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். தண்ணீர்க் கேனைப் பார்த்தார். வாசலில் காவலுக்கு நின்றவர் ஓடி வந்து இரும்பைப் பிடுங்கினார். அண்ணன் எதிர்க்கவில்லை. என் முழங்கையில் ரத்தம் வந்ததைப் பார்த்து, "அடி பட்டுச்சாடா?" என்று கேட்டார். அது எனக்குத் தெரிந்த குரல்.

என் காயத்துக்கு நான்கு தையல் போடப்பட்டது. அதன் பிறகு இந்த வாக்குமூலம் கொடுக்கிறேன்.

மேலே உள்ளவை யாரும் சொல்லிக்கொடுக்காமல், மிரட்டாமல், என் வாயால் நான் சொன்னவை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் 'எதிரி' என்று எழுதப்பட்டிருந்த இடங்களிலெல்லாம் 'என் அண்ணன்' என்று மாற்றச் சொன்னேன். அப்படி எழுதினால் வழக்கு பலவீனமாகிவிடுமா என்று கேட்டேன். ஆகாது என்றார்கள். மாற்றியபின் மறுபடி படிக்கக் கேட்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, உண்மை.

(சாட்சியின் கையொப்பம்)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. திருத்தங்கள் சாட்சியின் விருப்பப்படி செய்யப்பட்டவை.

(பதிவு செய்த அதிகாரியின் கையொப்பம்)