நாற்காலியில் தூங்கிய தலைவரும் நான் வழிமொழியாத தீர்மானமும்

அவையின் நடுநாயகமாக அமர்ந்து, நான் என்ன பேசித் தொலைக்கப் போகிறேனோ என்று இப்போதே வியர்த்துக்கொண்டிருக்கும் பல் மருத்துவர் சங்கத் தலைவர் அவர்களே! வீட்டுக்குப் போனால் என் கணவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே! ஊரார் பல்லைப் பிடுங்கத் துணிந்து, தங்கள் பல்லைக் காட்ட மட்டும் பயப்படும் பாசமிகு சகாக்களே! இப்பேர்ப்பட்ட பிள்ளைகளைப் பெற்று, படிக்க வைத்து, கடைசியில் இவர்கள் பேச்சையும் உட்கார்ந்து கேட்கும் பொறுமையின் சிகரங்களாகிய தாய்மார்களே! சாப்பாட்டு அறைக் கதவையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைக் கண்மணிகளே! எல்லோருக்கும் என் இனிய வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே, ‘தீர்மானத்தை வழிமொழிபவர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். யாரைக் கேட்டு அச்சடித்தார்கள்? கட்டிய மனைவிதானே, கண்ணை மூடிக்கொண்டு வழிமொழிவாள் என்று நினைத்துவிட்டார்களா? இருபத்திரண்டு வருட இல்லறத்தில் இவர் சொன்ன எதையாவது நான் ஒரே தடவையில் வழிமொழிந்ததுண்டா? பாருங்கள், தலைவரே இல்லை என்று தலையாட்டுகிறார். உண்மை விளம்பி!

தாய்மார்களுக்கு விஷயம் புரிய வேண்டும் அல்லவா? ஊசி என்றாலே ஊரைவிட்டு ஓடும் நோயாளிகளுக்கு நாங்கள் மயக்க மருந்து கொடுப்பதுண்டு. ஈறு மரத்துப்போகப் போடும் ஊசி வேறு, இது வேறு. இதைக் கைநரம்பில் ஏற்றுவோம். ஆள் கண் சொருகி, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு சுகமாகக் கிடப்பார். கொஞ்சம் அளவு மிஞ்சினால் மூச்சும் சுகமாகப் படுத்துவிடும். அதனால்தான் பல் மருத்துவ வாரியம் சொல்கிறது: உரிமம் வாங்கு, பயிற்சி எடு, மூச்சைப் பார்க்கவென்றே ஓர் ஆளை நிறுத்து, அந்த ஆளிடம் பஞ்சை எடு, குழாயைப் பிடி என்று எடுபிடி வேலை சொல்லாதே, ஆக்சிஜனைக் கைக்கெட்டும் தூரத்தில் வை, ஆய்வாளர் வந்து கேட்டால் அவர் கண்முன்னே ஒத்திகை நடத்திக் காட்டு. இவ்வளவுதான். இதில் எந்தப் பல் உடைந்துவிட்டது?

ஆனால் நம் தலைவருக்கு மனம் உடைந்துவிட்டது. ‘பதினைந்து வருடம் தொழில் பார்த்தவர்களுக்கு ஆய்வும் வேண்டாம், ஒத்திகையும் வேண்டாம்’ என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். சற்று முன் இதே ஒலிபெருக்கியில் முழங்கினாரே, கேட்டீர்களா? ‘அனுபவமே உரிமம்! ஆற்றலே அத்தாட்சி! நானே சாட்சி! மூன்று வாரத்துக்கு முன் நானே மயக்க மருந்து போட்டுக்கொண்டு பல் எடுத்துக்கொண்டேன். படுத்தேன், தூங்கினேன், எழுந்தேன்! எங்கே ஆபத்து?’ அடடா, என்ன கைதட்டல்! நானும் தட்டினேன். என் நெற்றியில்.

அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத்தான் இப்போது வந்திருக்கிறேன். அதற்கு முன் இந்தத் தீர்மானம் பிறந்த வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையில் பார்க்கிறோம். உரிமம் கேட்டு விண்ணப்பித்தோம். ஆய்வாளர் வந்தார். சின்னப் பெண், எங்கள் மகளுக்கு அக்கா வயது. இவர் என் காதில், “நேத்து வந்த பொண்ணு, இது என்னைச் சோதிக்குதா?” என்றார். அந்தப் பெண் ஒரு ரப்பர் பொம்மையை நாற்காலியில் சாய்த்தது. “டாக்டர், இவருக்கு மூச்சு நின்னுடுச்சு. என்ன பண்ணுவீங்க?” என்றது.

பாய்ந்தார் தலைவர்! புலி பாய்ந்தது போல் பாய்ந்தார்! ஆக்சிஜன் சிலிண்டரிடம் பாய்ந்தார். சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்கும் சாவி எங்கே?

“பத்திரமா வச்சிருக்கேன்” என்றார்.

தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள். ஆண்பிள்ளை ஒரு பொருளைப் பத்திரமாக வைத்தால் அது அப்புறம் கிடைக்குமா? கிடைக்காது என்று அந்த அம்மா சொல்கிறார், அனுபவம் பேசுகிறது. சாவி அலமாரிக்குள் இருந்தது. அலமாரியின் சாவி முந்தின நாள் போட்டிருந்த கால்சட்டையில் இருந்தது. கால்சட்டை சலவைக்குப் போயிருந்தது. சரி, மூச்சுக் கொடுக்கும் முகமூடியும் காற்றுப்பையும்? வாங்கிய பெட்டியைப் பிரிக்கவே இல்லை. “புதுசு, அழுக்காயிடும்னு பிரிக்கல” என்றார். அந்தப் பெண் கோபப்படவில்லை. பொம்மையை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டே, “இவர் போய்ச் சேந்துட்டார் டாக்டர், நீங்க மெதுவா தேடுங்க” என்றது.

அன்றைக்குப் பிறந்ததுதான் ஐயா இந்தத் தீர்மானம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாம் தீர்மானம் போட்டுக் கூடத்தையே இடிக்கப் பார்க்கிறோம்.

நான் விடவில்லை. என் நாத்தனார் எங்களிடம்தான் நர்ஸாக இருக்கிறாள், அதோ மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள், அவள்தான். அவளும் நானும் மதியம் ஆள் குறைந்த நேரமெல்லாம் ஒத்திகை பார்த்தோம். தலையணையை நாற்காலியில் போட்டு, ‘மூச்சு நின்னுடுச்சு’ என்று ஒருத்தி கத்துவாள், மற்றவள் ஓடுவாள். சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டினோம். “தலையணைக்கு வைத்தியம் பாக்குறாங்க, கேட்டா சிரிப்பாங்க” என்று இவர் கேலி செய்தார். கேலி செய்தவரைக் கேலி செய்ய நேரமில்லாமல் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். மறு ஆய்வில் தேறினோம். உரிமம் என் பெயருக்கு வந்தது.

வந்த கையோடு தலைவருக்கு ஞானப்பல் வலித்தது. ஐம்பத்தோரு வயதில்! ஞானம் வருகிற வழியாக இல்லை, பல்லாவது வந்து பார்ப்போம் என்று கிளம்பியது போலும். பல்லை எடுக்கப் போகிறவள் நான், மூச்சைப் பார்க்கப் போகிறவள் நாத்தனார். முறைப்படி அவள் கேள்வி கேட்டாள்.

“அண்ணா, வெறும் வயிறுதானே?”

“ஆமா.”

“குறட்டை உண்டா?”

“நானா? சேச்சே!”

நான் குறுக்கே புகுந்து, “உண்டுன்னு எழுதும்மா, எதிர்வீட்டுக்காரங்க சாட்சி சொல்வாங்க” என்றேன்.

“வேற ஏதாவது மாத்திரை போட்டிருக்கியாண்ணா?”

“ஒண்ணும் இல்ல. நான் டாக்டரா, நீ டாக்டரா? சீக்கிரம் ஆகட்டும்.”

பொய். காலையில் சளிக்கு இரண்டு மாத்திரை விழுங்கியிருக்கிறார், போட்டால் தூக்கம் தள்ளும் ரகம். சட்டைப்பையில் கிடந்த மாத்திரை அட்டையைப் பிற்பாடுதான் பார்த்தேன். வேறு யாராவது நோயாளி இதை மறைத்திருந்தால் இவரே கையைப் பிடித்து வெளியே அனுப்பியிருப்பார். கேள்வியெல்லாம் நோயாளிக்கு, தனக்கில்லை என்று நினைத்தார். டாக்டர்களே, இந்த நினைப்பு இந்த அரங்கில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

குறட்டைக்காரர் என்பதால் மருந்தைக் குறைத்தே கொடுத்தேன். பல்லைப் பாதி அசைத்திருப்பேன். மானிட்டரின் சத்தம் மாறியது. நாத்தனார், “அண்ணி, நிறுத்துங்க. அண்ணன் மூச்சு விடல” என்றாள்.

தலைவர் அவர்களே, என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உட்காருங்கள். இதைத்தான் சொல்ல வந்தேன்.

பார்த்தேன். நெஞ்சு எழவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், தோளை உலுக்கினேன், அசைவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம் அந்த நேரத்தில் எங்கே போனது தெரியுமா? எனக்கும் தெரியாது! எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நான் பயந்தேன். இந்த மனுஷன் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

ஆனால் கை நின்றதா? நிற்கவில்லை! தலையணைக்குச் செய்து செய்து பழகிய கை, தானாகப் போனது. வாயிலிருந்த பஞ்சை எடுத்தது, தாடையைத் தூக்கியது, முகமூடியை வைத்து அழுத்தியது. நாத்தனார் சிலிண்டரைத் திறந்துவிட்டாள். பையை அமுக்கினேன், நெஞ்சு எழுந்தது. மறுபடி அமுக்கினேன், மறுபடி எழுந்தது. அவள் மயக்கத்தை முறிக்கும் மருந்தை எடுத்து நீட்ட, ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் தானாக ஒரு மூச்சு இழுத்தார். அப்புறம் இன்னொன்று. அத்தனை வருடம் நான் திட்டித் தீர்த்த அந்தக் குறட்டை மறுபடி கேட்டபோது, நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

பிறகு கண் விழித்தார். “என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?” என்றார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். “அப்படியா, சரி சரி” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஈறு மரத்திருக்கும்போதே, பாதி அசைந்த பல்லையும் எடுத்து முடித்தேன். அன்று முழுக்கப் பக்கத்திலேயே இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டோம். சாயங்காலம் இன்னொரு முறை சொன்னேன். அப்போதும் “சரி சரி”தான்.

அழைப்பிதழில் இந்தத் தீர்மானத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவின் வாசல்வரை போய்வந்தும் திருந்தாத ஜென்மமா என்று மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் இவருக்குப் புரியவில்லை, வழக்கமாகவே புரியாது. சற்று முன் ‘படுத்தேன், தூங்கினேன், எழுந்தேன்’ என்றாரே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் மனதில் எதுவுமே தங்கவில்லை! அந்த மருந்து ஞாபகத்தை அழிக்கும், நாம் எல்லோரும் படித்ததுதான். விழித்தவரிடம் சொல்லிப் பயனில்லை, துணைக்கு வந்தவரிடம் சொல் என்பது விதி. துணைக்கு வந்தவள் யார்? நானே! டாக்டராக நின்று மனைவியாகிய எனக்கே சொல்லிக்கொண்டேன். அண்ணி மறுநாள் சொல்லியிருப்பாள் என்று நாத்தனார் இருந்துவிட்டாள். இவர் பேசாததைப் பார்த்து, பயந்துபோயிருக்கிறார், கிளற வேண்டாம் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஆகவே சபையோரே, தலைவர் சாட்சி சொன்னாரே, அவர் பொய் சொல்லவில்லை. நடந்தது தெரியாத ஒரே ஆள் அவர்தான். மயங்கிக் கிடப்பவர் எவருக்குமே தெரியாது! மூச்சு நின்றது தெரியாது, நம் சாவி தொலைந்தது தெரியாது, நாம் திருதிருவென்று முழித்தது தெரியாது. ‘டாக்டர் பார்த்துக்கொள்வார்’ என்று கண்ணை மூடுகிறாரே, அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? சுவரில் மாட்டிய பட்டமா? தலையில் நரைத்த முடியா? பதினைந்து வருடமாகப் பிரிக்காத பெட்டியா?

ஆய்வு அவமானம் என்கிறீர்கள். அவமானப்பட்டதால்தான் ஐயா என் புருஷன் இங்கே உட்கார்ந்திருக்கிறார்! அந்தச் சின்னப் பெண் பொம்மையைச் சாகடித்துக் காட்டியதால்தான் நாங்கள் இந்த மனுஷனைச் சாகவிடவில்லை. பொம்மையிடம் தோற்றுப்போங்கள், தலையணையிடம் தோற்றுப்போங்கள், நூறு முறை தோற்றுப்போங்கள். நாற்காலியில் ஒருவருடைய அப்பாவோ, ஒருத்தியுடைய பிள்ளையோ சாய்ந்திருக்கும்போது மட்டும் தோற்காதீர்கள். பின்னால் யாரோ “உக்காரும்மா” என்கிறார். உட்காருகிறேன் ஐயா, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு உட்காருகிறேன்.

இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை. எதிர்க்கிறேன். என்னோடு எதிர்ப்பவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்.

யாரது முதல் கை? தலைவர் அவர்களே, அது உங்கள் கை. சங்க விதிப்படி தலைவருக்கு ஓட்டு இல்லை, கொண்டுவந்தவரே எதிர்க்கவும் கூடாது. கையை இறக்குங்கள். இறக்க மாட்டேன் என்கிறார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவாவது இறக்குங்களேன். அதற்கும் மாட்டேன் என்கிறார். சரி, இருக்கட்டும். அதோ ஒவ்வொரு கையாக எழுகிறது. கடைசி வரிசைக் கண்மணிகளும் கை தூக்கிவிட்டார்கள், சாப்பாட்டுக்கா எனக்கா என்று நான் கேட்கப் போவதில்லை.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், இடையிடையே பதில் சொன்ன தாய்மார்களுக்கும், வாய்ப்பளித்துவிட்டு வகையாக மாட்டிக்கொண்ட தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மூச்சைப் பார்த்துச் சொன்ன என் நாத்தனாருக்குத் தனியாக நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, அண்ணனையே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். வணக்கம்.