வார்டு மெம்பருக்கும் ஒரு ஜெபம்

தலைமையேற்றுத் தண்ணிழல் தந்து வீற்றிருக்கும் எங்கள் ஆயர் அவர்களே! அருகமர்ந்து அழகு சேர்க்கும் சபைப் பெரியோர்களே! எங்கள் அழைப்பை ஏற்று மேடைக்கு வந்திருக்கும் வார்டு மெம்பர் விலாசினி அவர்களே! அடுக்களை வேலையை அப்படியே போட்டுவிட்டு, கைப்பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அம்மன் கோயில் கமிட்டியிலிருந்து வந்திருக்கும் அன்புச் சகோதரர்களே! உங்கள் அனைவருக்கும் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியை ஜோஸ்னாவின் பணிவான வணக்கம்.

என்னம்மா? சத்தம் கேட்கவில்லையா? இதோ, மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறேன். இப்போது கேட்கிறதா? நல்லது.

குடியரசு நாளில் தேசத்துக்காக ஜெபிக்கக் கூடியிருக்கிறோம். தேசம் என்றால் என்ன? வரைபடமா? வானளாவப் பறக்கும் கொடியா? டெல்லி மாநகரத்து மாளிகைகளா? கேரளத்தின் கடைசிக் கரையில், பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ் பேசித் தமிழில் பாடித் தமிழில் தொழுது வாழ்கிறோமே, நம்முடைய இந்தத் தெருவும் தேசம்தானே? தெருவில் தேசத்தைக் கண்ட ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அவர் சுந்தரதாஸ் அண்ணன். சந்திப்பில் இரும்புக்கடை வைத்திருப்பவர். சொல்ல அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். அண்ணா, தலையைக் குனியாதீர்கள்!

பஞ்சாயத்துத் தேர்தலில் அண்ணன் நின்றார். எதிர்த்து நின்றவர், அவர் பக்கத்து வீட்டு விலாசினி. வீடு வீடாக ஏறி, வியர்வை சிந்தி வாக்குக் கேட்ட அண்ணன் தோற்றுப்போனார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் நாட்டுக்காக ஜெபிக்கும் முறை அவருக்கு! ஜனாதிபதிக்காக ஜெபித்தார். பிரதமருக்காக, முதலமைச்சருக்காக ஜெபித்தார். மாவட்டம் வந்தது, வட்டம் வந்தது, பஞ்சாயத்து வந்தது. "எங்கள் வார்டு மெம்பர்..." என்றார். நின்றார். அப்படியே "ஆமென்" சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் மனைவி சுகிர்தபாய் விடவில்லை.

"டெல்லி வரைக்கும் போச்சே ஒங்க ஜெபம். பக்கத்து வீட்டுக்கு வந்தப்ப மட்டும் நிண்ணு போச்சு, என்ன?"

"அவ பேர நெனச்சா எனக்கு நெஞ்சு எரியுது, சுகிர்தம்."

"எரியட்டு. எரிஞ்சோண்டே சொல்லுங்க. கேக்கதுக்கு மேல ஆளு உண்டு."

சிரிக்கிறீர்கள்! ஆனால் அண்ணன் சொல்லத் தொடங்கினார். மறுநாள் காலையில் முழங்கால்படியிட்டு, "கர்த்தாவே, விலாசினிக்குக் கொஞ்சம் புத்தி குடும்" என்றாராம். அதுவும் ஜெபம்தான், அன்பர்களே! கசப்போடு தொடங்கிய ஜெபம். நாள்தோறும் சொல்லச் சொல்ல, "அவளுக்குப் பெலன் குடும்" என்று மாறியது. அவளுடைய பிள்ளைகளின் பெயரும் கூடவே வந்து சேர்ந்தது.

அப்புறம் எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை வந்தது. எப்படிப்பட்ட மழை! சானல் கால்வாயின் கரை கரைந்து, நம் சிறுபாலத்தின் ஒரு பக்கம் இடிந்து தண்ணீரில் விழுந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாலம் அது! ஊரே கொதித்தது. ஆத்திரம் யார்மேல் பாய்ந்தது? மெம்பர்மேல்தான். அண்ணனுக்காகத் தேர்தலில் ஓடியாடிய சஜு, ஆட்களைத் திரட்டிக்கொண்டு அவர் கடைக்கு வந்தார்.

"அண்ணா, கறுப்புக்கொடி ரெடியாக்கும். அவ வீட்டு முன்னாடி நீங்க வந்து நிண்ணாப் போதும். இனி இப்பிடி ஒரு சமயம் கிட்டாது."

தோற்ற மனிதருக்கு எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா?

"காலம்பற முட்டு குத்தி அவளுக்கு வேண்டி ஜெபிச்சாச்சு, மக்கா. அந்திக்கு அவ வாசல்ல நிண்ணு, ஒழிஞ்சு போண்ணு எப்பிடி விளிக்கது?"

"ஜெபம் சர்ச்சுல, அரசியலு ரோட்டுல. ரெண்டும் வேறயாக்கும்."

"எலே, எனக்கு வாய் ஒண்ணுதான் உண்டு."

சஜு கோபித்துக்கொண்டு போய்விட்டார். கூட வந்தவர்களும் போய்விட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கூட இருந்தவர்கள்! அண்ணனுக்கு வலிக்கவில்லையா? வலித்தது. வலியோடு கடையைப் பூட்டிவிட்டுப் பாலத்துக்குப் போனார். அங்கே கொட்டும் மழையில் தன்னந்தனியாக நின்று, வருகிற வண்டிகளைக் கைகாட்டித் திருப்பிக்கொண்டிருந்தார் விலாசினி. கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிருந்தது. அண்ணனைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"நீங்களும் திட்ட வந்தியளா அண்ணா? திட்டுங்க. கேட்டோண்டு நிக்கேன்."

"திட்டதுக்குப் பின்ன நேரம் உண்டு. நீ நில்லு. கடையில இருந்து கயிறும் தகரமும் எடுத்தோண்டு வாறேன்."

இருவருமாகப் பாதையை அடைத்தார்கள். மறுநாள் இருவரும் ஒரே பேருந்தில் நெய்யாற்றின்கரைக்குப் போய், அதிகாரிகள்முன் சேர்ந்து நின்றார்கள். ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே விண்ணப்பத்தோடு வந்ததைக் கண்டு, பொறியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாராம்! அந்த வாரமே வந்து இடத்தைப் பார்வையிட்டார். வேலை முடியும்வரை கோயில் கமிட்டி இளைஞர்களும் நம் சபை வாலிபர்களும் மணல்மூட்டை அடுக்கி, பிள்ளைகளைக் கைபிடித்து அக்கரை சேர்த்தார்கள்.

அண்ணன் நாள்தோறும் ஜெபிக்கும் விஷயத்தைச் சுகிர்தபாய்தான் ஒருநாள் விலாசினியிடம் சொல்லிவிட்டார். விலாசினி நம்பவில்லை.

"எனக்கு வேண்டியா சேச்சி? பேரு சொல்லியா? எங்க ஆளுகளே என் பேரச் சொல்லித் திட்டத்தான் செய்யுதாங்க!" என்று சொல்லிச் சிரித்தவர், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

இன்று புதிய பாலம் பொலிவோடு நிற்கிறது. சுந்தரதாஸ் அண்ணன் கட்சி மாறிவிட்டாரா? மாறவில்லை! அடுத்த தேர்தலில் எதிர்த்து நிற்பேன் என்று மெம்பரிடமே சொல்லியிருக்கிறார். நிற்கட்டும்! ஜெபிப்பதென்றால் தலையாட்டுவது என்று யார் சொன்னது? தவறு கண்டால் தட்டிக் கேட்போம்; தட்டிக் கேட்கும்போதும் அவர் தழைக்க வேண்டும் என்று மன்றாடுவோம். சஜு இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. அதோ, பந்தலின் கடைசியில் நிற்கிறார். வந்தீர்களே தம்பி, அதற்கே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!

அன்பர்களே, நன்றி சொல்ல நமக்கு எத்தனை உண்டு! தோற்றவர் பயமில்லாமல் வீடு திரும்பும் நாட்டைத் தந்தாரே, நன்றி! மலையாள மண்ணில் தமிழ் கற்பிக்கும் பள்ளியைத் தந்தாரே, நன்றி! கோயில் கமிட்டிக்காரர் நம் பந்தலுக்கு நாற்காலி தூக்கிவரும் அயலைத் தந்தாரே, நன்றி! நாள்தோறும் நன்றியோடு முழங்கால்படியிடுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம்; பெயர் சொல்லி ஜெபியுங்கள். வில்லேஜ் ஆபீசருக்காக, வெயிலில் நிற்கும் போலீஸ்காரருக்காக, மருத்துவமனை நர்ஸுக்காக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு எழுந்து, அவர்கள் சுமையில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அனைவரும் எழுந்து நில்லுங்கள். ஆளுகிறவர்களில் உங்களுக்கு ஆகாத ஒருவர் இருப்பாரே, அவர் பெயரை ஆண்டவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். நெஞ்சு எரிந்தால் எரியட்டும். எந்தக் கட்சி, எந்தப் பெயர் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்க வேண்டாம்!

பொறுமையோடு செவிகொடுத்த பெரியோர்களே, தாய்மார்களே, உங்களுக்கு என் நெஞ்சம் நிறைந்த நன்றி. நம் தேசம் சமாதானத்தால் செழிக்கட்டும். வணக்கம், ஸ்தோத்திரம்!