அளவு சொன்ன கடிதங்கள்

பாஸ்போட் படத்துக்குச் சிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பதிலேயே என் நாளில் பாதி போய்விடும். கமராவைக் கண்டதும் எங்கள் ஆட்களுக்குப் பல் தெரிய வேண்டும். "வாய மூடுங்க, தாடைய எறக்குங்க" என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹட்டனில் என் ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வந்ததில்லை. நான் தொழிலில் சுத்தமானவள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான், ஐயா, இதை முதலில் எழுதுகிறேன்.

என் பெயர் றோசலின். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் கண்டாக்கு. மலையில் ஆட்களை வேலை வாங்குகிற உத்தியோகம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நாங்கள் இருந்ததில்லை. எங்களுக்குத் தனி வீடு, முன்னால் பூந்தோட்டம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் எப்படியும் கேட்பீர்கள்.

ஸ்டூடியோ என்றாலும் படம் மட்டும் எடுப்பதில்லை. விண்ணப்பம் நிரப்புவது, அனுப்புவது, பதில் வந்தால் வாசித்துச் சொல்வது எல்லாம் என் வேலைதான். தோட்டங்களில் சிக்னல் கிடைக்கக் கோயில் பாறை மேல் ஏற வேண்டும். ஒரு போனை நாலு பேர் பாவிப்பார்கள், நம்பர் மாதத்துக்கு ஒருமுறை மாறும். அதனால் படிவத்தில் 'தொடர்பு' என்ற கட்டம் வந்தால் யாரும் யோசிப்பதில்லை. "மிஸ்ஸோட நம்பரையும் ஈமெயிலையும் போட்டுருங்க" என்பார்கள். தையல் ஃபெக்டரி வேலையானாலும் வெளிநாட்டு வேலையானாலும் பதில் என்னிடம்தான் வரும். அவர்களாகக் கொடுத்த சாவி அது. நான் யாரிடமும் பறிக்கவில்லை.

வினோதா ஜனவரியில் வந்தாள். டயகமப் பக்கத்துப் பிள்ளை, இருபது வயது. கூட அவள் அம்மா மீனம்மா.

"மிஸ், மொடலிங்குக்கு அப்ளை பண்ணனும்" என்றாள்.

"சினிமா ஆசையா?"

"இல்லைங்க மிஸ். விளம்பரத்துக்கு. தேயில விளம்பரத்துல கொழுந்து எடுக்குதுங்களே, அதுங்கள பாத்திருக்கீங்களா? கூடைக் கயித்த தலையில போடணும்னுகூடத் தெரியல. ஸ்கூல் பேக் மாதிரி தோள்ல மாட்டிக்கிட்டு நிக்குதுங்க. அதுக்கு நானே நின்னுருவேன்ல."

மீனம்மா சிரிக்கவில்லை. "நாலு வருசமா என்கூட மலையில நிக்கிறா மிஸ். இது கெடைச்சா எறங்கிருவா. அவளாச்சும் எறங்கட்டும்" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு நான் செய்துகொடுத்ததில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. பவுடரும் லிப்ஸ்டிக்கும் அப்பிக்கொண்டு வந்திருந்தாள். பைப்படியில் நிறுத்தி முகத்தைக் கழுவச் சொன்னேன். நிஜமான ஏஜென்சி ஒன்றும் பூசாத முகத்தைத்தான் கேட்கும். முடியை இழுத்துக் கட்டி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, இடுப்புவரை ஒன்று, கால்வரை ஒன்று. உடம்போடு ஒட்டின கறுப்பு உடுப்பு. உயரம், மார்பு, இடுப்பு, சப்பாத்து என்று அளவுகள். படத்தில் கம்பியூட்டர் வேலை ஏதும் செய்யக் கூடாது. விண்ணப்பத்துக்குக் காசு கேட்கிறவன் ஏஜென்சிக்காரன் இல்லை, கள்ளன். இவ்வளவையும் சொல்லிக் கொடுத்தேன். தையல்காரி டேப்பால் நானே அளந்தேன். கொழும்பில் நல்ல பெயருள்ள இடமாகப் பார்த்து அனுப்பினேன். என் கையால் எடுத்த படங்களில் அவை நாலும்தான் மிகச் சிறந்தவை. அதுவும் எனக்குத் தெரியும்.

பதினோராம் நாள் பதில் வந்தது. ஷாமிலா என்ற பெண் எழுதியிருந்தார். வினோதாவை எடுத்துக்கொள்கிறோம், ஒரு தேயிலைக் கம்பனிக்கு இப்படியொரு முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், மாதக் கடைசியில் சோதனைப் படப்பிடிப்புக்கு வரச் சொல்லுங்கள், பஸ் செலவு எங்களுடையது. கீழே ஒரு வரி தனியாக இருந்தது. தயவுசெய்து எதையும் மாற்ற வேண்டாம், மெலியவும் வேண்டாம், இருக்கிறபடியே வாருங்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கில்லை. இருபத்தொரு வயதில் நானும் படம் அனுப்பினேன் ஐயா. சுவரும் வெள்ளைதான், உடுப்பும் கறுப்புதான். 'நீங்கள் பொருத்தமில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. கண்டாக்கையா மகளுக்கு ஒரு வரி. லயத்துப் பிள்ளைக்கு ஒரு பக்கம். ஆனால் அந்த எரிச்சல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் நிதானமாக யோசித்துச் செய்தவை. ஆகவே பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சனிக்கிழமை வினோதா வந்து நின்றாள். "இல்லைன்னுட்டாங்க" என்றேன்.

அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். நான் நினைத்ததும் அவ்வளவுதான். ஒரு 'இல்லை' வாங்கினால் மனுசருக்குப் புத்தி வரும், எனக்கு வந்தது. அழுவாள், மலைக்குத் திரும்புவாள், ஒரு வருடத்தில் கல்யாணப் படம் எடுக்க என்னிடமே வருவாள். ஆனால் அவள் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எது சரியில்லையாம் மிஸ்?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. மேசையில் அந்த டேப் கிடந்தது.

"இடுப்பு" என்றேன்.

"எவ்வளவு கொறைக்கணுமாம்?"

"ரெண்டு இஞ்சி."

அவள் முகத்தில் வந்த சந்தோசத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ரெண்டு இஞ்சிதானே? கொறைச்சிரலாம் மிஸ். அந்தக் கடுதாசிய குடுங்க, வீட்டுல ஒட்டி வைக்கிறேன்" என்றாள். கேட்டவளுக்கு எப்படி இல்லையென்பது? அன்று பின்னேரமே டைப் செய்தேன். ஏஜென்சியின் சின்னம் அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே இருந்தது, எடுத்துத் தலைப்பில் போட்டேன். இங்கிலீசில் எழுதினேன், கடினமான இங்கிலீசில்லை. அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

மார்ச்சில் ஷாமிலா போன் எடுத்தார். "அந்தப் புள்ள ஏன் வரல்ல? நாங்க இன்னும் இடத்த வச்சிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அவளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிட்டாங்க மிஸ். இனி அனுப்ப மாட்டாங்க" என்றேன்.

"அப்படியா. நல்லா இருக்கட்டும்" என்றார். மரியாதையான மனுசி.

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை வினோதா வருவாள். அளப்பேன், படம் எடுப்பேன். சொன்ன அளவு வந்ததும் அனுப்பியதாகச் சொல்வேன். அடுத்த முறை வரும்போது கடிதம் தயாராக இருக்கும். இரண்டு இஞ்சி குறைத்துவிட்டு வந்தாள். இன்னும் ஒன்று என்று எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் கன்னத்தைச் சொன்னேன். நான்காவதில் கை. கம்பியூட்டரை எடுத்துப் போயிருக்கிறீர்கள், படங்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். அதே சுவர், அதே வெளிச்சம், கமரா ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மாறியது அவள் மட்டும்தான்.

ஜூனில் மீனம்மா தனியாக வந்தாள். மழையில் நனைந்து, கொங்காணிச் சாக்கைக்கூடத் தலையிலிருந்து எடுக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"மிஸ், புள்ள சோறே திங்க மாட்டேங்குது. ரொட்டி சுட்டாலும் பாதியப் பிச்சு நாய்க்குப் போட்டுட்டு மலைக்குப் போகுது. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க சொன்னா கேப்பா."

"சொல்றேன் மீனம்மா. நீங்க கவலப்படாம போங்க."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான்காவது கடிதம் மேசையில் இருந்தது. அதை அவளிடமே கொடுத்தனுப்பினேன். நனையாமல் இருக்கப் பொலித்தீன் உறையில் போட்டுக் கொடுத்தேன்.

ஓகஸ்டில் ஸ்டூடியோப் படி நாலையும் ஏற வினோதாவுக்குக் கால் வரவில்லை. மேலே வந்து உட்கார்ந்தவள், தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டாள். ஊற்றிக் கொடுத்தேன்.

"கொஞ்சம் சீனி இருக்குங்களா மிஸ்?"

"வேணாம் வினோதா. இவ்வளவு தூரம் வந்துட்ட."

அவள் தலையாட்டிவிட்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்தாள். "நீங்க இல்லாட்டி நான் எப்பவோ விட்டுருப்பேன் மிஸ்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குச் சந்தோசமாக இருந்தது. நிஜமாகவே சந்தோசமாக இருந்தது. என்னை நம்பி ஒருவரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை.

நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். நிறுத்துவதென்றால் 'நீ சரியாகத்தான் இருக்கிறாய்' என்று எழுத வேண்டும். எழுதினால் அவள் கொழும்புக்குப் போவாள், போனால் எல்லாம் வெளியே வரும். அதைவிட முக்கியம், கொழும்பு எப்படிப்பட்ட ஊரென்று எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளை ஒரு படத்துக்குக் கூடையோடு நிறுத்திவிட்டு, அடுத்த நாள் பெயரையும் மறந்துவிடுவார்கள். இங்கே நான் அவள் பெயரை மறக்கவில்லை. மாதம் தவறாமல் அளந்தேன், கடிதம் எழுதினேன். அக்கறை இல்லாமல் யாராவது அப்படி எழுதுவார்களா?

ஐந்தாவது கடிதம் செப்டம்பரில். அதில் அளவொன்றும் சொல்லவில்லை. 'கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள்' என்று மட்டும் எழுதினேன்.

ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றவள் அப்படியே சாய்ந்தாள். கம்பளியில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. இருபது வயதுப் பிள்ளையின் இருதயத்துக்குத் துடிக்கப் பலமில்லாமல் போயிருந்தது என்று டாக்டர் சொன்னாராம். சாவு வீட்டுக்கு நான் போனேன். லயத்துச் சுவரில் ஐந்து கடிதங்களும் வரிசையாக ஒட்டியிருந்தன. ஓரம் சுருளாமல் நாலு மூலையிலும் சோற்றுப் பசை தடவியிருந்தாள்.

மூன்றாம் நாள் மீனம்மா, வீட்டில் மாட்டுவதற்குப் படம் கேட்டு வந்தாள். ஒன்பது மாதப் படங்களையும் காட்டினேன். பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவள், ஜனவரியில் எடுத்த முதல் படத்தில் விரலை வைத்தாள்.

"இதுல எம்புள்ள எவ்வளவு லெச்சணமா இருக்கா மிஸ். இதையே அனுப்பிருக்கலாமே."

"இதையே நல்லா பெருசாக்கித் தர்றேன்" என்றேன்.

அடுத்த வாரம் ஃபிரேம் போட்ட படத்தை அவள் கையில் கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு பெண் உள்ளே வந்தார். கொழும்பு உடுப்பு. தேயிலை விளம்பரத்துக்கு இடம் பார்க்க வந்த வழியில் என்னைத் தேடி வந்ததாகவும், பெயர் ஷாமிலா என்றும் சொன்னார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"இது வினோதாதானே? பெயர்கூட மறக்கல்ல. கல்யாணம் நல்லபடி முடிஞ்சிச்சா?"

மீனம்மா அவரைப் பார்த்தாள். "யாருக்குங்க கல்யாணம்?"

"இவங்களுக்குத்தான். நாங்க எடுத்துக்கிட்டோம்னு எழுதினோமே. போன் எடுத்தும் கேட்டோம். மாறாம அப்படியே வாங்கன்னு எழுதினோமே."

மீனம்மா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. "மிஸ், இவங்க என்னா சொல்றாங்க? எனக்கு வெளங்கல. நீங்க வாசிச்சு சொல்லுங்க" என்றாள். அவளுக்கு வாசித்துச் சொல்ல வேறு ஆளில்லை. சொன்னேன். வந்த கடிதத்தைக் கம்பியூட்டரில் திறந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஷாமிலாதான் உங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போன் எடுத்தார்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இது. வேலை கிடைத்த செய்தியை மறைத்தது நான். ஐந்து கடிதங்களையும் எழுதியது நான். அவள் பட்டினி கிடந்தது என் சொல்லுக்காக. இப்படியே போனால் செத்துப்போவாள் என்பது, அவள் சீனி கேட்ட அன்றே எனக்குத் தெரியும். செப்டம்பர்க் கடிதத்தைத் தெரிந்துகொண்டேதான் எழுதினேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்குச் சரிவராது. படத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஷாமிலா, "எங்ககிட்ட இருக்குற படத்துல கன்னம் இப்படி ஒட்டி இல்லையே" என்றார். அவர் கண் நல்ல கண். பெரிதாக்கும்போது கன்னத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைத்தேன். படத்தில் கம்பியூட்டர் வேலை செய்வதில்லை என்பது என் கொள்கை, அந்தப் பிள்ளைக்காக அதை மீறினேன். அவ்வளவு பாடுபட்டவள் ஐயா. இனிக் கொழும்பில் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.