பொறாமைன்னே எழுதிக்கோங்க

சிரிக்காதீங்க தம்பி, நெஜமாத்தான் சொல்றேன். பொறாமைன்னே எழுதிக்கோங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மனஸ்தாபம் ஏதாவது உண்டான்னு கேட்டீங்க, உள்ளதைச் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரரை தேசியப் பாதுகாப்பு ஆலோசகரா போடப்போறாங்க, அதுக்கு முன்னாடி ஆள் எப்படின்னு பொண்டாட்டிகிட்டயும் விசாரிக்கணும், அதானே? நான் ஏடாகூடமா ஏதாவது சொன்னா பிரதமர் வேற ஆளைப் பாத்துடுவாரு. அடேயப்பா, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என் வாய்க்கு இவ்வளவு மரியாதை. விசாரிக்க வந்த வீட்டுல நீங்க காபியும் குடிக்கக் கூடாதா? தண்ணி மட்டும்தானா? நல்ல சட்டம் போங்க.

நாங்க ரெண்டு பேரும் ஒரே பேராசிரியர்கிட்ட ஆராய்ச்சி பண்ணோம். ஒரே விஷயம், பக்கத்து நாட்டோட வெளியுறவுக் கொள்கை. ஆனா நான் அங்கயே போயி, எல்லையோரத்துல ஒரு ஊர்ல ரூம் எடுத்துத் தங்கி, அந்த பாஷையைக் கத்துக்கிட்டேன். காய்கறிக்காரிகிட்ட சண்டை போடுற அளவுக்குக் கத்துக்கிட்டேன். இவரு லைப்ரரியில உக்காந்து மொழிபெயர்ப்பு படிச்சாரு. இன்னிக்கும் அவருக்கு அந்த பாஷையில வணக்கம் சொல்ல வரும், ஓட்டல்ல பில் கேக்க வரும், அவ்வளவுதான். ஆனா அந்த நாட்டு விவகாரத்துல கரைகண்டவர்னு டிவியில யாரைச் சொல்றாங்க? அவரைத்தான்.

டிவியில அவருக்குப் பின்னாடி ஒரு அலமாரி தெரியுமே, பாத்திருக்கீங்களா? அது என்னோடது. கேமராக்காரன் வந்தான், அந்தப் பாஷைப் புஸ்தகமெல்லாம் பாத்தான், சார் இதுக்கு முன்னாடி உக்காருங்க எடுப்பா இருக்கும்னான். மேடம், நீங்க கொஞ்சம் நகந்துக்கோங்கன்னான். நகந்துக்கிட்டேன். அப்புறம் டிவியில பாக்குறேன், நடுத்தட்டுல ரெண்டு புஸ்தகம் தலைகீழா நிக்குது. எடுத்துப் பாத்துட்டு அவரே திருப்பி வெச்சிருக்காரு, எழுத்து தெரிஞ்சாத்தானே? நாடே அந்தப் பேட்டியைப் பாத்துச்சு, ஒருத்தருக்காவது தெரியணுமே! எனக்கு மட்டும் சிரிப்புத் தாங்கல. சிரிச்சு முடிச்சப்புறம் வயித்தெரிச்சல்.

அவர் எப்படிப் பேர் வாங்கினார்னு கேட்டீங்கல்ல, அதையும் சொல்றேன். அந்த நாட்டுக்காரங்க எல்லையில படையைக் கொண்டுவந்து குவிச்சாங்களே, அப்போ நீங்க சின்னப் பையனா இருந்திருப்பீங்க. சண்டை வரப்போகுதுன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. நானும் அவரும் கொடியிலேருந்து எடுத்த போர்வையை ஆளுக்கொரு பக்கம் புடிச்சு மடிச்சுக்கிட்டிருந்தோம். சண்டையெல்லாம் வராதுங்கன்னேன். எப்படின்னார். அந்த எல்லையோர ஊரோட பேப்பர் எனக்குத் தபால்ல வரும். அதுல பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்களைச் சேக்கச் சொல்லி விளம்பரம் போட்டிருக்கான், குண்டு விழப்போற இடத்துல எவனாவது பள்ளிக்கூடம் தொறப்பானான்னேன். அவர் போர்வையை மடிச்சு வெச்சாரு. மறுநாள் காலையில டிவியில அதையே சொல்றாரு, என்னோட கணிப்பு என்னன்னான்னு ஆரம்பிச்சு. படையும் திரும்பிப் போச்சு. ஜெனரல்கள் எல்லாம் தப்பாச் சொன்னப்போ ஒத்தை ஆளா சரியாச் சொன்னவர்னு தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க. அப்புறம் என்ன, ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநர், அமைச்சருக்கு ஆலோசகர், சமாதானப் பேச்சுக் குழுவுல உறுப்பினர், மளமளன்னு ஏறிட்டாரு.

ஐயோ, அதைத் திருட்டுன்னு எழுதிடாதீங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள எது யாரோட யோசனைன்னு கோடா போட முடியும்? அவருக்குன்னு ஒரு திறமை இருக்கு, இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ரெண்டு பேரை ஒரு ரூம்ல போட்டு அவரையும் உள்ள விடுங்க, கொஞ்ச நேரத்துல மூணு பேரும் சிரிச்சுக்கிட்டு வெளிய வருவாங்க. எனக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது. நான் வாயைத் தொறந்தா இருக்கிற சிநேகிதமும் போயிடும். ஆனா என் மாணவங்களே கிளாஸ் முடிஞ்சதும் வந்து, மேடம், சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு நிக்கிறப்போ எப்படி இருக்கும், சொல்லுங்க பாப்போம். போன கருத்தரங்கத்துல நான் கட்டுரை படிக்கப் போறேன், இன்னாரோட துணைவியார்னு அறிமுகம் பண்றான் ஒருத்தன். கை தட்டினாங்க. அந்தக் கைதட்டலும் அவருக்குத்தான். வீட்டுக்கு வந்து குளிக்கிற ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

சரி சரி, நீங்க கேளுங்க. குடியா? விருந்துல கையில கிளாஸை வெச்சுக்கிட்டு நிப்பாரு, குடிக்கத் தெரியாது. பொம்பளை விவகாரமா? அதுக்கெல்லாம் அவருக்கு நேரம் எங்க இருக்கு? வெளிநாட்டுல சொத்தா? இங்க ஒழுகுற கூரையைச் சரிபண்ணச் சொல்லியே என் தொண்டை வத்திப்போச்சு தம்பி.

கடைசிக் கேள்வியா? ரகசியம் காப்பாரான்னா? அடடா, அதுல அவரை மிஞ்ச ஆளே கிடையாது. போன வாரம் ஒரு விருந்துல பிரதமரோட செயலாளர் என்கிட்ட வந்தாரு. என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, இந்தப் பதவிக்கு நாங்க மொதல்ல முடிவு பண்ணது உங்களைத்தானே, இப்படி ஒரேயடியா வேண்டாம்னுட்டீங்களேன்னு வருத்தப்பட்டாரு. செயலாளர் எங்க வீட்டுக்கு போன் பண்ணப்போ நான் காலேஜ்ல இருந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர்தான் எடுத்திருக்காரு. அவகிட்ட கேட்டுச் சொல்றேன்னுட்டு, மறுநாள் அவரே கூப்பிட்டு, அவளுக்கு இதுலல்லாம் இஷ்டமில்லையாம்னு சொல்லியிருக்காரு. அப்போ நீங்களாவது வாங்களேன் சார்னு இவங்க கேட்டிருக்காங்க.

நான் என்ன பண்ணேனா? சிரிச்சேன். விருந்துல வேற என்ன பண்றது? வீட்டுக்கு வந்தும் எங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்கல. அவரா சொல்வாருன்னு பாத்துக்கிட்டிருக்கேன், இன்னிவரைக்கும் மூச்சு விடல. எதிர்ல உக்காந்துதான் சாப்பிடுறாரு. பதவி கிடைக்கப்போற சேதியைச் சொன்ன அன்னிக்கு என் கையைப் புடிச்சுக்கிட்டு, உனக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்லையேன்னு கேட்டாரு, கண்ணுல தண்ணியோட. பாத்திரம் எல்லாம் அன்னிக்கு அவரேதான் கழுவினாரு.

ஏன் தம்பி பேனாவை மூடிட்டீங்க? தொறங்க. ரகசியம் காக்குறதுல கெட்டிக்காரர்னு எழுதி, நான் சொன்னதை அப்படியே கீழ போடுங்க. இல்ல, இதைப் பொறாமையில சேக்காதீங்க. பொறாமையில சொல்ல வேண்டியதை எல்லாம் முன்னாடியே சொல்லிட்டேன். இது நீங்க கேட்ட கேள்விக்குப் பதில்.

எழுதியாச்சா? இப்படிக் கொடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்?