மதிலோரத்து ஈரம்

மன்றத்தின் துணைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் அக்காவின் கணவர், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் அண்ணன் அவர்களே, இடமில்லாமல் கதவோரம் நிற்கும் அக்கம்பக்கத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. எல்லாம் யாரோ தெருவில் தூக்கிப் போட்டவை. அத்தனைக்கும் கால் கட்டியவர், முதுகு பின்னியவர் ஒருவர்தான். அவருக்கு அஞ்சலி செலுத்த அவர் கைபட்ட நாற்காலிகளிலேயே உட்கார்ந்திருக்கிறோம். எத்தனையோ இரங்கல் கூட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

தலைமைச் செவிலியர் என்பது அவர் உழைத்துப் பெற்ற பதவி. மறுபயன் மன்றத்தின் நிறுவனர் என்பது நாம் கொடுத்த பட்டம். ஆனால் தெரு அவருக்கு வைத்த பெயர் என்ன? ஆணியக்கா! வாளியோ, டப்பாவோ, மூக்கு உடைந்த கெட்டிலோ, எது கிடைத்தாலும் முதல் வேலையாக ஆணியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போடுவார். "தண்ணி வெளிய போக வழி இல்லேன்னா வேர் மூச்சுத் திணறிச் செத்துடும்" என்பார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. கழுவலாம், ஆனால் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. பழைய சொந்தக்காரரின் நசுங்கலும் கீறலும் அப்படியே இருக்க வேண்டும். தோட்டத்தைச் சுற்றிக் காட்டும்போது செடியின் பெயரைச் சொல்ல மாட்டார். கொடி படர்ந்த ஊன்றுகோலைத் தொட்டு, "இவர் பிளம்பர் மாமா" என்பார். கீரை முளைத்த மேசை இழுப்பறையைக் காட்டி, "இது தபால்காரர் சம்சாரம்" என்பார். அதில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. நல்ல வெயிலிலும் அங்கே தனியாக நின்றால், பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவது போலிருக்கும்.

"என்ன நிருபரே, பயமா?"

"சேச்சே, இல்லக்கா."

"அப்ப ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்கதான்."

அக்காவின் எதிர்வீட்டுத் தையற்கார அம்மாவும் இங்கே வந்திருக்கிறார். அவரும் அண்ணனும் சம்மதித்ததால்தான் இனி வருவதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அந்த அம்மா ஒரு சின்னக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக் கட்டில். குழந்தை வீட்டுக்கு வரவேயில்லை. "இதை உடைச்சு அடுப்புல போட்ருங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஆணியக்கா பின்னாலிருந்து, "உடைக்கிறதுக்கு என்கிட்ட வராதடி" என்றார். கட்டிலை வேலியோரம் வைத்தார். அடுத்த மழைக்கு அவரைக்கொடி அதன் சட்டங்களில் ஏறியது. ஒரு நாள் அந்த அம்மா வந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையை விரித்துக் காய் பறித்தார். அன்று முதல் அவர் நம் மன்றத்தில் இருக்கிறார்.

அக்கா விழுந்ததும் அந்தக் கொடிக்குப் பக்கத்தில்தான். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், காலில் ரப்பர் பூட்ஸோடு, சேற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தவை பூட்ஸ் மட்டும்தான், ஒரு பையில். அண்ணன் வாசலுக்கு வந்து, சாவி தேட இரு கையும் வேண்டியிருந்ததால், பையைப் பக்கத்திலிருந்த மேசையில் வைத்தார்.

எந்த மேசை? நமக்கெல்லாம் தெரிந்த அந்த இஸ்திரி மேசை! வேண்டாததைத் தெருக்காரர்கள் வைத்துவிட்டுப் போகும் மேசை, வேண்டியவர்கள் கேட்காமல் எடுத்துப்போகும் மேசை. அதற்குள் உறவுக்காரர்கள் வந்து அவரை அணைத்து உள்ளே கூட்டிப்போனார்கள். மறுநாள் நினைவு வந்து ஓடி வந்தபோது மேசை காலியாக இருந்தது.

அவர் வீடு வீடாகக் கேட்கவில்லை. அழவும் இல்லை. "அவ கடைசியாப் போட்டிருந்தது. கால் சேறுகூடக் காயலை" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

ஒரு நாள் காலை மாடி ஜன்னலைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்வீட்டு மதிலின் மேல்விளிம்புக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு கால்கள் தொங்கின.

"அவதான் மதில்ல ஏறி உக்காந்து காலைத் தொங்கப் போட்டிருக்கான்னுதான் நெனச்சேன். 'ஏய், விழுந்துடுவ, இறங்கு'ன்னு சத்தம் போட்டேன்" என்றார்.

இடது பூட்ஸில் சைக்கிள் டியூப் ஒட்டு இருந்தது. அதை ஒட்டியவரே அவர்தான். இரண்டு வாயிலிருந்தும் புதினா தலை நீட்டிக்கொண்டிருந்தது. தையற்கார அம்மாவுக்கு அது யாருடையது என்று தெரியாது. யாரோ வைத்துவிட்டுப் போன பை என்றுதான் எடுத்திருக்கிறார். அக்கா கற்றுக்கொடுத்தபடியே சேற்றைத் தேய்க்காமல், ஆணியைக் காய்ச்சிக் குதிகாலில் ஓட்டை போட்டிருக்கிறார். மன்றத்துக்காரர் யாராயிருந்தாலும் இதைத்தானே செய்திருப்போம்?

அண்ணன் முதலில் செய்தது, இஸ்திரி மேசையை வீட்டுக்குள் இழுத்துப் போட்டதுதான். பிறகு தெருவைக் கடந்தார். நானும் கூடப் போனேன்.

"கழட்டிக் குடும்மா. அது அவளோடது."

அந்த அம்மாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. "ஐயோ அண்ணா! ஓட்டை போட்டுட்டேனே... அக்கா கால்ல ஓட்டை போட்டுட்டேனே..." என்று பூட்ஸ் மாட்டியிருந்த கொக்கியைத் தொட்டார்.

அப்போதுதான் அண்ணன் கீழே பார்த்தார். சற்று முன்தான் புதினாவுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். குதிகால் வழியே சொட்டிச் சொட்டி, மதிலோரத் தரையில் பழுப்பாக இரண்டு ஈரத் தடங்கள், ஒருவர் நிற்கும் இடைவெளியில். சொட்டியது அக்காவின் பூட்ஸில் இருந்த சேறும் கலந்த தண்ணீர்.

வெயிலில் தடம் காயத் தொடங்கியது.

"கழட்ட வேணாம்மா" என்றார் அண்ணன். "தினமும் ஊத்துவியா?"

"ஊத்துவேண்ணா."

"காலைலயே ஊத்து. நான் ஜன்னலத் திறக்கிற நேரத்துல." கொஞ்சம் பொறுத்து, "வந்து நின்னுட்டுப் போகட்டும்" என்றார்.

இதற்கு மேல் அக்காவைப் புகழ எனக்குச் சொல் ஏது? கண்ணாடி போட்ட பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பூட்ஸ் என்ன ஆகியிருக்கும்? காய்ந்து வெடித்திருக்கும்! அவர் கற்பித்தது நம்மில் ஒருவர் கையில் இருந்ததால் அல்லவா அது இன்னும் நனைகிறது?

இஸ்திரி மேசை இன்று காலை மறுபடியும் வாசலில் நிற்கிறது. தூக்கி வைத்தவர் அண்ணன்தான். அதைக் காலியாக விடமாட்டோம் என்று இந்த மன்றத்தின் சார்பில் அவருக்குச் சொல்கிறேன். எடுப்போம், கழுவுவோம், தேய்க்கமாட்டோம், ஓட்டை போடாமல் மண் நிரப்பமாட்டோம். எதை எடுத்தாலும் அது யாருடையது என்று கேட்டுவிட்டு எடுப்போம். எடுக்காமல் விடுவதற்கல்ல, பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு.

கூட்டம் முடிந்து அந்தத் தெரு வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிலோரம் ஈரமாக இருந்தால், மிதிக்காமல் கொஞ்சம் ஒதுங்கிப் போங்கள். அக்கா அங்கே நிற்கிறார்.